செலின் நடக்க வெந்நீர்

1

நாங்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த வாரத்தில் நீச்சல் குளத்து ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. பத்து வருஷத்தை யாரும் கொண்டாடவில்லை. மருமகள் ஷீலா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வரும்போது ஒரு கேக் வாங்கி வந்தாள். சர்க்கரை அதிகம் என்று நான் சொன்னேன். அத்தோடு விழா முடிந்தது. ஹீட்டர் அப்படிச் சுலபமாக முடியவில்லை.

நீச்சல் குளம் என்றதும் திண்டிவனத்தில் இதைப் படிக்கிறவர்கள் நாங்கள் பெரிய பணக்காரர்களாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மகன் அருள் வாங்கிய பழைய வீட்டில் அது முன்பே இருந்தது. யாரும் இறங்கியதில்லை. இலை விழும், நான் வலை போட்டு எடுப்பேன். குளம் நாற்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். திண்டிவனத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் என் மனைவி செலின் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர். அந்தக் கணக்கில் இது இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு குடமும் கொஞ்சமும். இதை அவளிடம் சொன்னபோது, "அந்தக் கொஞ்சம்தான் நமக்கு அங்க கெடைச்சிது" என்றாள்.

எண்ணுவது எனக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தேன். திண்டிவனத்தில் குடித்தனம், பாசஞ்சர் ரயிலில் விழுப்புரத்துக்கு ஆபீஸ். வளவனூரில் நெல்லும் கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் எவ்வளவு விளைகிறது என்று வயலில் கயிறு பிடித்துச் சதுரம் கட்டி, அறுத்து, காயவைத்து, எடை போட்டு எழுதும் வேலை. விவசாயிகள் என்னை வரி போட வந்தவன் என்றே கடைசி வரை நம்பினார்கள்.

அந்தக் குளத்துக்கு ஹீட்டர் வந்ததே செலினுக்காகத்தான். ஜனவரியில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் நடை திரும்பவில்லை. நான்கு கால் வைத்த அலுமினிய நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்கு அறை போனாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தெரபிஸ்ட் பெண், வெந்நீருக்குள் நின்று நடக்கச் சொன்னாள். தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்ளும், சூடு தசையை இளக்கும், கால் பயப்படாது என்றாள். ஆஸ்பத்திரியிலேயே அதற்குக் குளம் உண்டு. ஆனால் அங்கே நீச்சல் உடை போட்டுத்தான் இறங்க வேண்டும் என்று விதி.

"அறுபத்தெட்டு வயசுல ஜட்டியோட நாலு பேரு முன்னால நிக்கறதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?" என்றாள் செலின்.

அதனால் அருள் வீட்டுக் குளத்துக்கு ஹீட்டர் மாட்டினான். செலின் நைட்டியோடு இறங்கினாள். முதல் நாள் நைட்டி பலூன் மாதிரி மேலே கிளம்பி முகத்தை மூடிவிட்டது. மறுநாளிலிருந்து பாவாடை நாடாவால் முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு கட்டிக்கொண்டாள். ஓரக் கம்பியைப் பிடித்தபடி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தாள். ஜூன் கடைசியில் ஒரு நாள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆறடி நடந்தாள். நான் கரையில் டவலோடு நின்றிருந்தேன்.

அவளுக்கு ஒரே எண்ணம்தான். செப்டம்பரில் திண்டிவனத்தில் அவள் தம்பி சூசையின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை வளர்த்தவள் செலின். ஜூலை கடைசியில் தெரபிஸ்ட் பரிசோதிப்பாள். கைத்தடியோடு நடந்தால் பயணம். நடைவண்டியோடுதான் என்றால் பயணம் இல்லை. இந்த இரண்டாவது விதியைத் தெரபிஸ்ட் போடவில்லை, செலின் போட்டாள்.

"வண்டியத் தள்ளிக்கினு போயி கோயில் வாசல்ல நின்னா, எல்லாரும் பொண்ணப் பாக்க மாட்டாங்க, என்னத்தான் பாப்பாங்க. பாவம்னு சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம்."

சூசை போனில் கேலி செய்வான். "அக்கா, தண்ணி மேல நடக்கறியாமே? அந்தோணியார் கோயில்ல சொல்லி வெக்கட்டா?"

"மேல இல்லடா, உள்ள. அதுக்கே இந்தப் பாடு."

2

ஜூலை முதல் வாரம். இங்கே அப்போது நடுக்குளிர். காலையில் இலை எடுக்கப் போனபோது ஹீட்டருக்குக் கீழே சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. முந்தின இரவு மழை இல்லை. குனிந்து பார்த்தேன். குளத்திலிருந்து குழாய் வந்து ஹீட்டருக்குள் நுழைகிற மூட்டில், கையளவு பெரிய பிளாஸ்டிக் மரைமூடிக்கு அடியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

கண்டாச்சிபுரத்தில் என் மாமனார் வீட்டுப் பம்ப்செட் நான் பார்த்த நாளிலிருந்து ஒழுகியது. குழாயில் சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துச் சுற்றியிருப்பார்கள். அதையும் மீறி வருகிற தண்ணீருக்கு அடியில் ஒரு வாழைக்கன்று வைத்திருந்தார்கள். அங்கே ஒழுக்கு என்றால் அதன் கீழே எதையாவது நட்டுவிடுவோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது. இங்கே அடியில் சிமெண்டு. பக்கத்தில் மின்சாரப் பெட்டி.

அருள் சுரங்கக் கம்பெனியில் இஞ்சினியர். இரண்டு வாரம் வடக்கே சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில். அப்போது சுரங்கத்தில் இருந்தான். போன் செய்தேன்.

"அப்பா, அது காத்துல இருக்கற ஈரம். ஏசில தண்ணி வடியுதில்ல, அந்த மாதிரி. நார்மல்தான்."

"ஹீட்டர நிறுத்திட்டு மோட்டார மட்டும் ஓட வுட்டுப் பாத்தேன். அப்பவும் நிமிஷத்துக்கு நாப்பத்திரெண்டு சொட்டு. காத்து ஈரமா இருந்தா ஹீட்டரோட சேந்து நின்னிருக்கணுமில்ல?"

"சரி, லீக்குதான்" என்றான். "கரண்ட் பெட்டிப்பா அது. மெயின்ல ஆஃப் பண்ணிட்டு கம்பெனிக்குப் போன் போடுங்க. நீங்க கைய வெக்காதீங்க. பதினோரு நாள்ல நான் வந்துடுவேன்."

ஹீட்டருக்குப் போகும் மெயினை அணைத்தேன்; குளத்து மோட்டாருக்குத் தனி லைன். முப்பத்திரண்டு டிகிரியில் இருந்த தண்ணீர் மறுநாள் காலை இருபத்தாறு. அதற்கு அடுத்த நாள் இருபத்திரண்டு. செலின் படியில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்துக்கொண்டாள். வெந்நீர் இல்லையென்றால் நடை இல்லை. நடை இல்லையென்றால் திண்டிவனம் இல்லை. பதினோரு நாள் சும்மா இருந்தால் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

3

இடையில் சனி, ஞாயிறு போனதால் திங்கட்கிழமைதான் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு எண்ணை அழுத்து, இன்னொரு எண்ணை அழுத்து என்று சொல்லி, இசை போட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள். மிகவும் மரியாதையானவள். ஒழுக்கு பெரிதா, அவசரமா என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நம் ஊர்க்காரன் என்ன பதில் சொல்வான்? முதல் பேச்சிலேயே அவசரம் என்று சொல்வது நாகரிகமில்லை. "சின்ன ஒழுக்குதான் அம்மா, உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன்" என்று என் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன். பணிந்து ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர், "அப்படியா, உள்ளே வாங்க, என்ன விஷயம்" என்று இளகி விசாரிப்பார், அப்போது மனைவியின் இடுப்பு, பரிசோதனை, கல்யாணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லலாம் என்பது என் கணக்கு. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் முப்பது மனுக்களையாவது அப்படித்தான் நகர்த்தியிருக்கிறேன்.

அவள் விசாரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே பதிவு செய்தாள். சின்ன ஒழுக்கு, அவசரமில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்து, இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி வைத்துவிட்டாள்.

பேத்தி ரியா சோபாவில் படுத்துக்கொண்டு கேட்டிருந்தாள். பதினாறு வயது. என்னோடு பாதித் தமிழிலும் செலினோடு கால் தமிழிலும் பேசுவாள்.

"தாத்தா, ஏன் ஸ்மால்னு சொன்னீங்க?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"யாருக்கு மரியாதை? லீக்குக்கா?"

மறுபடி போன் செய்து தான் பேசுவதாகச் சொன்னாள். பேசினாள். நான்கே வாக்கியம். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒழுக்கு சின்னதில்லை, பாட்டிக்கு ஆபரேஷன், தண்ணீர் பக்கத்தில் மின்சாரம், இன்றே யாராவது வர வேண்டும். ஆனால் முதலில் பதிவானதை மாற்றினால் மூன்று வாரம் இரண்டு வாரமாகும், அவ்வளவுதான் முடியும் என்றார்கள். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். எனக்கு வருத்தம் கம்பெனி மேல் இல்லை. என் சொந்தப் பேத்தி இந்த ஊரில் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவளாக இருக்கிறாள், நான் இல்லை. பத்து வருஷத்தில் நான் பஸ் ரூட் எல்லாம் மனப்பாடம் செய்தேன். கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்து என்ன பயன்? பரிசோதனை அதற்குள் நெருங்கிவிடும். அன்று மதியம் முடிவு செய்தேன். மின்சாரப் பக்கம் கை வைக்கமாட்டேன். தண்ணீர்ப் பக்கத்தை நானே பார்ப்பேன்.

4

குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்பது எனக்குத் தெரிந்த விஷயம் என்றே நினைத்தேன். மூட்டைக் கழற்று. மரையில் நூலோ சணலோ சுற்று. மேலே கொஞ்சம் பெயிண்ட் பூசு. ரிஞ்சு ஸ்பேனரைப் போட்டு, கழுத்து நரம்பு புடைக்கிற வரை இறுக்கு. எங்கள் திண்டிவனம் வீட்டில் ஒரு குழாய் விடாமல் இப்படித்தான் நின்றது.

ஹீட்டர் மெயின் அணைந்திருப்பதை இரண்டு தடவை பார்த்தேன். வால்வுகளை மூடினேன். மரைமூடி கையாலேயே சுழன்று வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். செலின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல்கண்டு எடுத்து, மரை முழுக்க நெருக்கமாகச் சுற்றினேன். பெயிண்டுக்குப் பதில் வாசலைன். அருளின் கராஜில் கிடந்த பெரிய ரிஞ்சால் இறுக்கினேன். பிளாஸ்டிக் முனகியது. விடவில்லை.

செலின் நடைவண்டியோடு சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, அதுக்கு எதுக்கு இவ்ளோ பலம்?"

"இறுக்கினாத்தான் நிக்கும்."

வால்வைத் திறந்து மோட்டாரைப் போட்டேன். சொட்டு நின்றுவிட்டது என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி மூடியைச் சுற்றிலும் தண்ணீர் விசிறியடித்து என் கண்ணாடி, சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் நனைத்தது. சொட்டை எண்ணலாம், இதை எண்ண முடியாது. ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

ஜன்னலில் செலின் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரம் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உள்ள வந்து தொடைச்சுக்கங்க மொதல்ல" என்றாள்.

5

டீ குடிக்கும்போது அவள் கேட்டாள்.

"குக்கர்ல விசில் வராம ஓரத்துல புஸ்ஸுனு ஆவி போனா என்னா பண்ணுவோம்?"

"கேஸ்கெட்டப் பாப்போம்."

"மூடிய சுத்தி நூல் கட்டி சுத்தியால அடிப்போமா?"

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"கையால தொறந்த மூடிதானே அது. நான் பாத்துக்கினுதான இருந்தேன். கையால தொறக்கறதுக்கெல்லாம் உள்ள ஒரு ரப்பர் இருக்கும். போயிப் பாருங்க, சட்டைய மாத்திக்கினு."

போய்ப் பார்த்தேன். சுற்றிய நூலை எல்லாம் பிய்த்து எடுத்தேன். மூடிக்கு உள்ளே, இரு குழாய் முகங்களும் ஒட்டுகிற இடத்தில், ஒரு பள்ளத்தில் கறுப்பு ரப்பர் வளையம் உட்கார்ந்திருந்தது. உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகி, அதில் ரோமம் மாதிரி ஒரு வெடிப்பு. தண்ணீரை நிறுத்துவது அந்த வளையம்தான். மரைக்கு அதில் வேலையே இல்லை. நான் சுற்றிய நூல், மூடி முழுதும் உட்காராமல் தடுத்து, இருந்த பிடிப்பையும் கெடுத்திருக்கிறது. வாசலைன் ரப்பரைத் தின்னும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வளையத்தைக் கொண்டுபோய்ச் செலினிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஃப்ரீசர்ல அரை மணி வெச்சுட்டு திருப்பிப் போடுங்க. கேஸ்கெட்டு அப்படி ஒரு மாசம் தள்ளும்."

ஐஸ்கிரீம் டப்பா மேல் வைத்தோம். ரியா ஐஸ்கிரீம் எடுக்க வந்து, வளையத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கதவை மூடிவிட்டுப் போனாள். அரை மணி கழித்துத் துடைத்துத் திருப்பிப் போட்டு மூடினேன். மோட்டாரைப் போட்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு ஆறு சொட்டு.

"நாப்பத்திரெண்டு எங்க, ஆறு எங்க" என்றேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

"ஆறு சொட்டோட கரண்ட் போட நீங்க ரெடியா?"

இல்லை. நான் ரெடி இல்லை.

மறுநாள் காலை வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் கிளம்பினேன். இரண்டு பஸ். முதல் கடையில், அந்த ஹீட்டருக்கு மூட்டு முழுவதையும் செட்டாகத்தான் விற்போம், வரவழைக்கப் பத்து நாள் என்றார்கள். இந்தத் தடவை நான் பணியவில்லை. "எனக்கு இன்று வேண்டும். என் மனைவி நடக்க வேண்டும். இந்த வளையம் மட்டும் வேண்டும். எங்கே கிடைக்கும்?" என்று ரியா மாதிரி நான்கு வாக்கியம் சொன்னேன். கவுண்டர்காரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பம்புகள் விற்கும் இன்னொரு கடைக்கு வழி எழுதிக்கொடுத்தார். நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு இத்தாலியக் கிழவர், என்னை விட எரிச்சல் குணம் உள்ளவர், வளையத்தை அளந்து, நசுங்காத பக்கத்தை மறுபடி அளந்து, ஒரு பெட்டி நிறைய வளையங்களைக் கவிழ்த்துத் தேடினார். வாசலைன் வாசனை பிடித்து முகம் சுளித்தார். அதற்கென்று உள்ள சிலிகான் பசையை ஒரு சின்ன டியூபில் கொடுத்து, விரலை ஆட்டி, "கையால் மட்டும். ரிஞ்சு போட்டால் என்னிடம் திரும்பி வராதே" என்றார். எங்கள் இருவர் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். நூலின் ஒரு இழைகூட மிச்சமில்லாமல் ஊசியால் எடுத்தேன். பசையை மெல்லத் தடவி, புது வளையத்தை முறுக்கில்லாமல் உட்கார வைத்தேன். மூடியைக் கையால் திருகினேன். நின்ற இடத்தில் விட்டேன். இன்னும் கால் சுற்று கொடுத்தால் என்ன என்று கை துடித்தது. ரிஞ்சை எடுத்துக் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

6

அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மோட்டாரைப் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். பேப்பர் காய்ந்தே இருந்தது. இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தேன். மூட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் ஒற்றி எடுத்துப் படம் பிடித்து அருளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கைய வெக்காதீங்கன்னு சொன்னேனில்ல?"

"கரண்ட் பக்கம் வெக்கல."

"அதெல்லாம் சரிப்பா. எதுனா ஆச்சுன்னா? ஷாக் அடிச்சா? இன்சூரன்ஸ்காரன் யார் தொட்டதுன்னு கேட்டா? நான் அங்க இல்லயே. நான் வர்ற வரைக்கும் ஆஃப்லயே இருக்கட்டும்."

அவன் பயம் நியாயமானது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இரும்புக் கொட்டகையில் இருந்துகொண்டு வயதான அப்பா அம்மாவை நினைத்துப் பயப்படுகிறான். செலின் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அருளு, நல்லாக் கேளு. அந்தப் பெட்டி நனையல. மூணு நாளா கரண்டு இல்லாம வெயில்ல காஞ்சிக்கினு கெடக்குது. உனக்குப் பயமா இருந்தா ஒரு கரண்ட்டுக்காரனக் கூப்புட்டுப் பாக்கச் சொல்லு, காசு உங்கப்பா பென்ஷன்ல தர்றேன். ஆனா நீ வர்ற வரைக்கும் வெக்க முடியாது. என் காலு காத்திருக்காது."

"எலக்ட்ரீஷியன நானே அனுப்பறம்மா" என்றான்.

மறுநாள் காலை ஆள் வந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மூட்டைத் தொட்டுப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனான். மெயினைப் போட்டோம். இருபதுக்கு இறங்கியிருந்த தண்ணீர் ஏற இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் செலின் நாடாவைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் நடையில் கால் தடுமாறியது. கம்பியைப் பிடித்தாள். ஒரு வாரம் விட்டதற்கு ஆறு நாள் நடந்து பழைய இடத்துக்கு வந்தாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் நடந்தாள். ஜூலை கடைசி வாரத்தில் குளத்தின் இந்தப் படியிலிருந்து அந்தச் சுவர் வரை கையைக் கட்டிக்கொண்டு போய் வந்தாள். நான் தினமும் மூட்டுக்கு அடியில் பேப்பர் மாற்றினேன். தேவையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

தெரபிஸ்ட் பரிசோதித்துவிட்டுக் கைத்தடி போதும் என்றாள். விமான நிலையங்களில் மட்டும் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் செலினைப் பார்த்தேன். மறுப்பாள் என்று நினைத்தேன்.

"ஏர்போர்ட்ல உக்காந்துக்கறேன்" என்றாள். "அங்க என்னைய யாருக்குத் தெரியும்?"

7

செப்டம்பரில் திண்டிவனத்தில் நல்ல வெயில். அந்தோணியார் கோயில் தெரு முழுக்கக் கார்களும் வேன்களும் நின்றதால் எங்கள் வண்டி வாசல் வரை போக முடியவில்லை. முனையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. தெருவில் சல்லி கொட்டியிருந்தது. குளத்துத் தரை வழவழப்பானது, பெர்த் நடைபாதை சமமானது. இந்தச் சல்லியை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

செலின் பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, கல் பார்த்து, இடம் பார்த்து அடி வைத்தாள். நான் ஒரு கை தூரத்தில் பின்னால் போனேன். வழியில் யார் யாரோ "வாங்கக்கா, எப்போ வந்தீங்க" என்றார்கள். நிற்காமலே பதில் சொன்னாள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

பாதித் தூரத்தில் அவள் தம்பி சூசை எங்களைப் பார்த்துவிட்டான். மாலையும் வேட்டியுமாக ஓடி வந்தான். அவன் பின்னால் ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சூசைக்குக் கண் கலங்கியிருந்தது. "உக்காருக்கா, நாங்க தூக்கிக்கினு போறோம்" என்று அவள் முழங்கையைப் பிடித்தான்.

செலின் மூச்சு வாங்கினாள். நெற்றியில் வேர்த்திருந்தது. கோயில் வாசலில் வெள்ளைப் புடவையில் கல்யாணப் பெண் தனியாக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய வுடுடா" என்றாள் செலின். "பொண்ணு அங்க ஒத்தையில நிக்குது. நீ போயி அது கூட நில்லு. நான் வர்றேன்."